மதுரைக்காரர் சிரிக்காமல் சொல்லும் ஜோக்கைக் கணினி கண்டுபிடிக்குமா?

கேள்வி இதுதான். மதுரையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மூன்று பேர், சமூக ஊடகப் பதிவுகளில் நகைச்சுவையைத் தானாகக் கண்டுபிடிக்கும் ப்ராஜெக்ட் ஒன்று செய்கிறார்கள். உள்ளூர் மீம் பக்கங்களில் எடுத்த பதிவுகளுக்கு ‘நகைச்சுவை’ என்றும், செய்தித் தலைப்புகளுக்கு ‘நகைச்சுவை அல்ல’ என்றும் லேபிள் போட்டு மாடலை (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தரம் பிரிக்கக் கற்கும் கணினி நிரலை) பழக்கியிருக்கிறார்கள். 97 சதவீதம் துல்லியம் வருகிறதாம். ஆனால் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தவற்றைப் போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் தப்பு. மாடலை மாற்றுவதா, டேட்டாவைக் கூட்டுவதா என்று கேட்கிறார்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ‘நகைச்சுவை அல்ல’ என்ற பக்கத்தில் எதை வைத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். உங்கள் 97 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. மீம் பக்கத்தில் ‘வந்துருச்சு’ என்று எழுதுவார்கள், நாளிதழில் ‘வந்தடைந்தது’ என்று எழுதுவார்கள். மீம் பதிவில் எமோஜி இருக்கும், செய்தித் தலைப்பில் இருக்காது. மாடலுக்கு இவ்வளவு போதும். அது பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் பிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் எல்லாருமே பேச்சுத் தமிழில் எழுதுவதால் அங்கே போனதும் முழிக்கிறது.

இது உங்களுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. இந்தத் துறையின் தொடக்க கால ஆய்வுகளில் முக்கியமானது 2005-ல் ராடா மிஹால்சியாவும் கார்லோ ஸ்ட்ராப்பராவாவும் செய்தது. ஆங்கிலத்தில் 16,000 ஒற்றைவரி ஜோக்குகளைத் திரட்டி, அவற்றுக்கு எதிராக மூன்று வகை வாக்கியங்களை நிறுத்திப் பார்த்தார்கள். ராய்ட்டர்ஸ் செய்தித் தலைப்புகளோடு மோதவிட்டபோது துல்லியம் 96 சதவீதத்தைத் தாண்டியது. பழமொழிகளோடு விட்டபோது சுமார் 85. பொதுவான ஆங்கில வாக்கியத் தொகுப்பிலிருந்து எடுத்தவற்றோடு விட்டபோது 80-க்குக் கீழே வந்துவிட்டது. ஜோக்குகள் மூன்று முறையும் அதேதான், எதிரே நின்றது மட்டும்தான் மாறியது. உங்கள் எண் அந்த ராய்ட்டர்ஸ் எண்ணை ஒட்டி வருவது தற்செயல் இல்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பதிவின் எழுத்துகளையே மாடலுக்குக் காட்டாதீர்கள். பதிவின் நீளம், கேள்விக்குறி எத்தனை, ஆச்சரியக்குறி எத்தனை, எமோஜி எத்தனை என்ற நான்கு எண்களை மட்டும் ஒரு சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரெஷனுக்கு (சில எண்களை வைத்து இரண்டில் ஒன்றைச் சொல்லும் எளிய கணக்குமுறைக்கு) கொடுங்கள். அதுவே 90-ஐத் தொட்டால், உங்கள் பெரிய மாடல் செய்வதும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் என்று புரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் எதிர்ப்பக்கத்தில் எதை வைப்பது? அதே பக்கங்களில், அதே ஆட்கள், அதே விஷயத்தைப் பற்றிச் சிரிப்பில்லாமல் எழுதியவற்றை வையுங்கள். நம்மூர் மீம் பக்கங்களில் இதற்குப் பஞ்சமே இல்லை. காலையில் கலாய்த்த பக்கமே மதியம் ‘பெரியாஸ்பத்திரியில் ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரமாகத் தேவை’ என்று போடும். மாட்டுத்தாவணியில் பர்ஸைத் தொலைத்தவரின் அறிவிப்பு, சித்திரைத் திருவிழாவுக்குப் போக்குவரத்தை மாற்றிவிட்ட தகவல், வைகையில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி எல்லாம் அங்கேயே கிடைக்கும். இவற்றை எதிரே வைத்துப் பழக்கினால் உங்கள் துல்லியம் நிச்சயம் விழும். விழட்டும். அதற்கு அப்புறம் மிஞ்சும் எண்தான் உண்மையான எண்.

பாதிக்குப் பாதி என்று டேட்டா வைத்துப் பழக்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஊர்ப் பதிவு ஆயிரத்தில் நூறுதான் நகைச்சுவை என்று வைத்துக்கொள்வோம். நகைச்சுவையில் 90 சதவீதத்தைப் பிடித்து, மற்றதில் 10 சதவீதத்தை மட்டும் தவறாகப் பிடிக்கும் மாடல் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால், நூறில் 90 ஜோக்குகளைப் பிடிக்கிறது, மீதி 900-ல் 90 பதிவுகளையும் ஜோக் என்கிறது. அது ‘ஜோக்’ என்று நீட்டும் ஒவ்வொரு இரண்டிலும் ஒன்று பொய். ஆகவே வெறும் துல்லியத்தை எழுதாமல், ‘நகைச்சுவை’ வகுப்புக்கு மட்டும் பிரிசிஷன் (ஜோக் என்று சொன்னதில் எத்தனை உண்மையில் ஜோக்), ரீகால் (இருக்கும் ஜோக்குகளில் எத்தனையைப் பிடித்தது) இரண்டையும் தனியாக எழுதுங்கள்.

சரி, இனி கஷ்டமான இடத்துக்கு வருவோம். இந்தப் பதிவைப் பாருங்கள்:

‘வைகையில தண்ணி வருதாம். ஆத்துக்குள்ள வண்டிய நிறுத்துனவங்க எடுத்துக்கங்கப்பா.’

இது ஜோக்கா, எச்சரிக்கையா? ஆற்றுக்குள் வண்டி நிறுத்துவது நம்மூரில் நடப்பதுதான், தண்ணீர் திறக்கும்போது எச்சரிக்கை விடுவதும் நடப்பதுதான். அணை நிரம்பிய நவம்பரில் ஒருவர் எழுதினால் இது தகவல். ஆறு மணல்வெளியாகக் கிடக்கும் மே மாதத்தில், இரண்டு தூறல் விழுந்ததும் ஒருவர் எழுதினால் இது நக்கல். எழுத்தில் ஒரு புள்ளி கூட மாறவில்லை. இந்த வாக்கியத்தை எத்தனை பெரிய மாடலுக்குக் கொடுத்தாலும், தேதியைக் கொடுக்காவிட்டால் அது பூவா தலையா போட்டுத்தான் சொல்ல முடியும்.

நகைச்சுவை ஆய்வில் வெகுகாலமாகச் சொல்லப்படும் கருத்து ஒன்று உண்டு. விக்டர் ராஸ்கின் 1985-ல் அதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். ஒரே வாசகம், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சூழல்களுக்கும் பொருந்தும்போது சிரிப்பு வருகிறது என்பது அதன் சாரம். ஆங்கில ஒற்றைவரி ஜோக்கில் அந்த இரண்டு சூழலும் பெரும்பாலும் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கும். நம்மூர் பதிவில் ஒன்றுதான் வாக்கியத்தில் இருக்கும், மற்றொன்று படிப்பவர் தலைக்குள் இருக்கும்.

தெர்மாகோலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் தடுப்பதற்காக, அன்றைய கூட்டுறவுத்துறை அமைச்சர் செல்லூர் ராஜூ முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள், காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கண்மாய், குளம், வெயில் பற்றிய பதிவின் கீழும் ‘தெர்மாகோல் ஸ்டாக் இருக்கா?’ என்று ஒருவர் கேட்டால் போதும், தமிழ்நாடே சிரிக்கும். அதே கேள்வியைப் பிள்ளையின் பள்ளி ப்ராஜெக்டுக்காக ஒரு தாய் ஏரியா குழுவில் கேட்டால் யாரும் சிரிக்க வேண்டியதில்லை. (நம்மூரில் அப்போதும் ஒருவர் சிரிப்பார். அது வேறு.) செங்கலும் அப்படியே. தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டியதும், 2021 தேர்தல் பிரச்சாரத்தில் உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கலைத் தூக்கிக் காட்டியதும் தெரியாத மாடலுக்குச் செங்கல் என்பது கட்டுமானப் பொருள் மட்டும்தான்.

இதைவிடச் சுத்தமான உதாரணம் நேசமணி. 2019 மே மாதக் கடைசியில், சுத்தியல் படம் ஒன்றைப் போட்டு ‘உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்’ என்று கேட்ட முகநூல் பக்கத்துக்குத் தமிழர் ஒருவர் பதில் எழுதப்போய், நம்ம மதுரைக்காரர் வடிவேலு ஒரு படத்தில் நடித்த காண்ட்ராக்டர் நேசமணி பாத்திரத்துக்காக உலகமே பிரார்த்தனை செய்தது. அந்த ஹேஷ்டேக்கில் வந்த பதிவுகளை நினைத்துப் பாருங்கள். உடல்நிலை அறிக்கை, சீக்கிரம் குணமடைய வேண்டுதல், சுத்தியல் விழுந்த சம்பவத்துக்குக் கண்டனம். யாரும் அதில் சிரிப்பு எமோஜி போட வேண்டியிருக்கவில்லை, போட்டால் ருசி கெட்டுவிடும். வெளியூர்க்காரர்கள் யாரோ பெரிய மனிதர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றே நம்பினார்கள். மனிதர்களுக்கே அந்தக் கதி என்றால், அதற்கு முந்தைய மாதம் வரைக்குமான பதிவுகளில் பழகிய மாடல் என்ன செய்திருக்கும்?

ஆகையால் டேட்டாவை ட்ரெயின் (பழக்க), டெஸ்ட் (சோதிக்க) என்று பிரிக்கும்போது குலுக்கிப் போட்டுப் பிரிக்காதீர்கள். காலத்தை வைத்துப் பிரியுங்கள். பழைய பதிவுகளில் பழக்கி, புதிய மாதங்களில் சோதியுங்கள். ஒரே மீம் பக்கத்தின் பதிவுகள் ட்ரெயின், டெஸ்ட் இரண்டிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மீம் வாசகம் ஓடிவிட்டால் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நாற்பது பக்கங்கள் அதையே போடும். குலுக்கிப் பிரித்தால் மாடல் அதைப் பழகும்போதே பார்த்துவிட்டு, தேர்விலும் அதே கேள்வி வந்ததென்று ஒப்பிக்கும். கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் பதிவுகளை முதலில் சலித்து எடுத்துவிடுங்கள்.

எமோஜியை வைத்துத் தானாக லேபிள் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கண்ணீர் வரச் சிரிக்கும் அந்த முகத்தை நம்மவர்கள் எதற்கெல்லாம் போடுகிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். கடனைத் திருப்பிக் கேட்கும்போது காரம் தெரியாமல் இருக்கப் போடுகிறார்கள். பரீட்சையில் கோட்டை விட்டதைச் சொல்லும்போது போடுகிறார்கள். முகநூலில் 2016-ல் வந்த ‘ஹாஹா’ ரியாக்ஷன், அரசியல் பதிவுகளில் எதிராளியை அவமானப்படுத்தும் ஆயுதம். இன்னொரு பக்கம், நல்ல நக்கல்காரர் எமோஜியே போடுவதில்லை. எமோஜியை நம்பினால் சுமாரான ஜோக்குகளை மட்டும் சேர்த்துவைத்து, உயர்ந்த சரக்கை எல்லாம் ‘நகைச்சுவை அல்ல’ பக்கத்தில் தள்ளிவிடுவீர்கள்.

மனிதர்கள்தான் லேபிள் போட வேண்டும். அதில் எழுதியவரின் நோக்கத்தையும் படித்தவரின் சிரிப்பையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. கடி ஜோக்கும் ஜோக்தான், சிரிப்பு வராது, அவ்வளவே. 2021-ல் செம்எவல் என்ற கணினி மொழியியல் போட்டிக்காக உருவாக்கிய ஆங்கிலத் தொகுப்பில் இதை நன்றாகச் செய்தார்கள். 10,000 வாசகங்கள், ஒவ்வொன்றையும் 18 முதல் 70 வயது வரையுள்ளவர்களில் 20 பேர் பார்த்தார்கள். இது சிரிக்க வைக்கும் நோக்கத்தில் எழுதியதா, எவ்வளவு சிரிப்பு வந்தது, புண்படுத்துகிறதா என்று தனித்தனியாகக் கேட்டார்கள். உங்களால் 20 பேரைப் பிடிக்க முடியாது. ஐந்து பேர் போதும், ஆனால் ஐந்து பேரும் உங்கள் ஹாஸ்டல் அறைத்தோழர்களாக இருக்கக் கூடாது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஆள் இருக்கட்டும், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா இருக்கட்டும். பதிவை மட்டும் காட்டாதீர்கள், தேதி, எதற்குப் பதிலாக எழுதியது, கூட வந்த படம் எல்லாவற்றையும் காட்டுங்கள். வைகைப் பதிவு நினைவிருக்கட்டும்.

ஐந்து பேரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை வெறும் சதவீதத்தில் எழுதி ஏமாந்துவிடாதீர்கள். பத்தில் ஒன்பது பதிவு நகைச்சுவை இல்லாதது என்றால், இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் லேபிள் போட்டாலே 82 சதவீதம் ஒத்துப்போகும். 85 சதவீதம் ஒத்துப்போனார்கள் என்றால் கப்பா மதிப்பு (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் அளவு, முழுதாக ஒத்துப்போனால் 1) சுமார் 0.17-தான். அது ஒன்றுமே இல்லாததற்குச் சமம். அப்படி வந்தால் லேபிள் போட்டவர்களைத் திட்டாமல், யார் யாரோடு ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள். வயதுவாரியாகப் பிரிந்து நின்றால் அதுவே உங்கள் ப்ராஜெக்டின் சுவாரசியமான முடிவு. பெரும்பான்மை ஓட்டு எடுத்து அதை அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது சுத்தம் செய்தல். இங்கேதான் நம்மவர்கள் ஆங்கிலப் பாடநூலைப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். தேவையற்ற சொற்களை நீக்கு, விகுதியை வெட்டி வேர்ச்சொல்லாக்கு, எழுத்துப்பிழையைத் திருத்து என்று வரிசையாகச் செய்தால், தமிழில் நக்கல் உட்கார்ந்திருக்கும் இடத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிடுவீர்கள். ‘அவரு பெரிய ஆளு’ என்பது பாராட்டு. ‘அவரு பெரிய ஆளாம்’, ‘அவரு பெரிய ஆளாக்கும்’ என்றால் கதையே வேறு. ‘நல்லா இருக்கு’ வேறு, ‘நல்லாத்தான் இருக்கு’ வேறு. அந்த ஆம், ஆக்கும், தான் எல்லாம்தான் நீங்கள் வெட்டத் துடிப்பவை. ‘செம்ம்ம்ம’ என்று இழுப்பதும், வேண்டுமென்றே தப்பாக எழுதுவதும் அப்படித்தான். எதையும் திருத்தாமல் விடுங்கள். இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழைக்கூடத் தமிழ் எழுத்துக்கு மாற்றியது ஒரு பிரதி, மாற்றாதது ஒரு பிரதி என்று இரண்டையும் வைத்துச் சோதியுங்கள்.

மதுரைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, இதைக் கட்டாயம் சோதியுங்கள். ‘வந்தாய்ங்க’, ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ என்ற நம் பேச்சைச் சினிமா பல காலமாகக் காமெடிக்கும் அடிதடிக்கும் பயன்படுத்தி வந்திருக்கிறது. மீம் பக்கங்களும், ஊருக்கு வெளியே உள்ளவர்களும் கூட, சிரிப்புக்காக அந்தப் பேச்சை எடுத்துக்கொள்கிறார்கள். விளைவு, மாடல் ‘ஆய்ங்க’ என்று பார்த்தாலே ஜோக் என்று முடிவு கட்டிவிடும். ‘எங்க தெருவுல மூணு நாளா தண்ணி வரல, கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றாய்ங்க’ என்று ஒருவர் நொந்து எழுதியதை நகைச்சுவைக் கணக்கில் சேர்த்துவிடும். இப்படிப்பட்ட பதிவுகள் ஐம்பது எடுத்து, அதே செய்தியைப் பொதுத்தமிழில் திருப்பி எழுதி, இரண்டையும் மாடலுக்குக் கொடுங்கள். மதிப்பெண் மாறினால், மாடல் சிரிப்பை விட்டுவிட்டு நம் வட்டாரப் பேச்சைத்தான் பிடிக்கிறது என்று அர்த்தம். என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனைக்காகவே உங்கள் ப்ராஜெக்டைச் செய்யலாம்.

மாடல் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இங்கே இரண்டாம் பட்சம். முதலில் எழுத்துத் துண்டுகளை எண்ணும் முறையோடு எஸ்விஎம் (தரம் பிரிக்கும் பழைய, எளிய முறை ஒன்று) வைத்து ஒரு அடிப்படை எண் எடுங்கள். சொற்களைப் பல மாதிரி எழுதும் தமிழுக்கு அது எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே ஓடும். பிறகு மியூரில், எக்ஸ்எல்எம்-ஆர் என்ற, பல மொழிகளில் ஏற்கெனவே பழக்கிய இரண்டு மாடல்களையும் பழக்கிப் பாருங்கள். இரண்டிலுமே இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழும் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறது, எம்பெர்ட் என்ற பழைய பன்மொழி மாடலைவிட அதனால் நமக்கு வசதி. தமிழில் ஏற்கெனவே உள்ள டேட்டா என்றால், பாரதி ராஜா சக்கரவர்த்தி குழுவினர் 2020-ல் வெளியிட்ட 15,744 யூடியூப் கமெண்டுகள் கொண்ட தொகுப்பு உணர்வு நிலைக்கானது, அதாவது கமெண்ட் பாராட்டா, திட்டா என்று பிரிப்பதற்கானது. அதே ஆண்டில் ட்ரோல் மீம்களுக்கு ஒரு தொகுப்பும், 2023-ல் தமிழ், மலையாளக் கலப்புப் பதிவுகளில் நக்கலைக் கண்டுபிடிக்கும் போட்டி ஒன்றும் வந்தன. இவற்றை முதல்கட்டப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் சினிமா ட்ரெய்லர் கமெண்டுகளில் பழகிய மாடலை வைகைப் பதிவில் நம்பாதீர்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் நேராகக் கேட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். கேளுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசையாக அட்டவணையில் இருக்கட்டும். ஆனால் ‘இது ஏன் சிரிப்பாக இருக்கிறது’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் மளிகைச் சீட்டுக்கும் ஒரு காரணம் சொல்லும். 2023-ல் சோஃபி யென்ட்ஷும் கிறிஸ்டியான் கெர்ஸ்டிங்கும் அன்றைய சாட்ஜிபிடியைச் சோதித்தபோது, அது சொன்ன 1,008 ஜோக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் அதே 25 ஜோக்குகள்தான். ஜோக்கே இல்லாததற்கும் விளக்கத்தைப் புனைந்து சொன்னது. ஆகவே ‘ஜோக்’, ‘ஜோக் அல்ல’, ‘சூழல் தெரியாமல் சொல்ல முடியாது’ என்று மூன்று விடைகளை மட்டும் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மூன்றாவது விடையை அது எத்தனை முறை சொல்கிறது என்பதைக் கவனியுங்கள்.

படமாக வரும் மீம்களை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். படத்திலுள்ள தமிழ் எழுத்தை உருவி எடுப்பதிலேயே உங்கள் செமஸ்டர் முடிந்துவிடும், வடிவேலுவின் எந்த முகம் என்பதிலேயே பாதி ஜோக் இருக்கும்.

கடைசியாக, ஒரு பக்க நிர்வாகி இதைத் தன் பக்கத்துக்குப் பயன்படுத்தலாமா, நகைச்சுவை என்று மாடல் சொன்னதைத் தானாகவே பகிரவிடலாமா என்ற கேள்வி. விடாதீர்கள். நம் பக்கத்தில் சிரிப்பு என்ற பெயரில் சாதியைக் குத்துவது நிறைய நடக்கிறது, அதுவும் நேரடியாகப் பெயர் சொல்லாமல், ஊரைச் சொல்லி, நிறத்தைச் சொல்லி, உள்ளூர்க்காரருக்கு மட்டும் புரியும்படி. நகைச்சுவைக்கான எல்லா அடையாளங்களும் அதில் இருக்கும், மாடல் உயர்ந்த மதிப்பெண் கொடுக்கும். லேபிள் போடும்போதே ‘யாரைப் பார்த்துச் சிரிக்கிறது’ என்று ஒரு கேள்வியைச் சேருங்கள். தன்னையே, அதிகாரத்தில் உள்ளவரை, ஒரு பொருளை அல்லது நிலைமையை, ஒரு பிரிவினரை என்று நான்கு விடைகள் போதும். கடைசி விடை விழுந்த பதிவுகளைத் தனிக் கோப்பில் வையுங்கள், வெளியிடும் டேட்டாவில் சேர்க்காதீர்கள். மற்ற பதிவுகளை வெளியிடும்போது எழுதியவர் பெயர், கணக்கு, ஃபோன் நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் எடுத்ததை அங்கிருப்பவர்களைக் கேட்காமல் தொடவே கூடாது, ஏற்கெனவே எடுத்திருந்தால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.